முந்தாநாள் செத்தவருக்கு ஒரு நிமிஷம்

கவிதையின் கடைசி வரியைப் படித்துவிட்டு ராஜம் தாளிலிருந்து தலையை நிமிர்த்தியபோது கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் கவிதை படித்தால் இப்படித்தான் மரியாதை செய்வார்கள் போலிருக்கிறது என்று முதலில் நினைத்துக்கொண்டாள். தனக்கு முன்னால் படித்த இருவருக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை என்பது அடுத்தபடியாக நினைவுக்கு வந்தது. அப்படியானால் நம்முடையது அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று உச்சி குளிர்ந்து போனாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. மேசையின் மறுகோடியிலிருந்து சைகையால் சபையை எழுப்பியிருந்த பேராசிரியர் சக்ரபாணி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கரகரத்த குரலில் மைக்கைப் பார்த்துச் சொன்னார்:

“இந்தச் சகோதரியின் தகப்பனார் முந்தாநாள் காலமாகியிருக்கிறார். அந்தத் துக்கத்தோடு வந்து நமக்குக் கவிதை வாசித்திருக்கிறார். அன்னாருடைய ஆத்மா சாந்தியடைய ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்.”

ராஜத்தின் அப்பா நடேசன் செத்துப்போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அவள் வாயைத் திறந்திருக்கலாம். ‘ஐயோ, அப்படியில்ல சார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் அதற்குள் கூடம் அடங்கிப்போயிருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது. சட்டைப் பையில் பேனா செருகிய ஆபீசர்கள், பட்டுப்புடவை கட்டிய அவர்களுடைய மனைவிமார், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். யாருக்காக? ரயில்வே பட்டறையில் கடைசல் பிடிக்கிற டர்னராக இருந்து, பெயரைச் சொல்லிக்கூட யாரும் கூப்பிடாமல் வேலையாட்களுக்குக் கொடுக்கிற டிக்கெட் நம்பரால் மட்டுமே அழைக்கப்பட்ட நடேசனுக்காக. ராஜமும் மெல்ல எழுந்து நின்றாள். வாய் தானாக மூடிக்கொண்டது என்று சொன்னால் அது பொய். அவள்தான் மூடிக்கொண்டாள்.

அவள் படித்த கவிதை பெரிய கவிதை இல்லை. ஏழே வரி.

*முந்தாநாள் அப்பா செத்துப்போனார்.*
*பட்டறைக்குள் பெல்ட்டு ஓடிக்கொண்டிருந்தது.*
*யாரோ அவருடைய டிபன் டப்பாவைச்*
*சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.*
*திறந்து பார்த்தோம்.*
*சாப்பிட்டிருந்தார்.*
*கழுவியும் வைத்திருந்தார்.*

தப்பு யாருடையது என்று பார்க்கப்போனால் அது ஊருடையது. ஹைதராபாத்தில் நேற்றைக்கு முந்தி நடந்த எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: பர்ஸோ. உருது பேசும் மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் முந்தாநாளைக் குறிக்கும், அவ்வளவுதான். இந்த ஊரில் அப்படி விரல்விட்டு எண்ணுகிற வழக்கம் கிடையாது. போன வாரம் வாங்கிய செருப்பும் பர்ஸோ, நிஜாம் காலத்து ரஜாக்கார் கலவரமும் பர்ஸோ. ரயில்வே காலனியில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் தெருவில் இந்தப் பர்ஸோவைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் வந்ததும் அதையே முந்தாநாள் என்று தமிழாக்கிப் பேசினார்கள். பெற்றவர்கள் முதலில் திருத்தினார்கள், அப்புறம் சிரித்தார்கள், அதற்கப்புறம் அவர்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அரக்கோணத்திலிருந்து கல்யாணமாகி வந்த ராஜத்தின் அம்மா தாயம்மாளே, “முந்தாநாளு எனக்குக் கல்யாணம் ஆனப்போ” என்றுதான் கதையை ஆரம்பிப்பாள். காலனியில் யாருக்கும் அது வேடிக்கையாகப் பட்டதில்லை.

சக்ரபாணி கும்பகோணத்துக்காரர். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே வீடு, அதற்குள்ளேயே நூலகம், அதற்குள்ளேயே பால் பூத். பர்ஸோ அவர் காதில் விழ வழியே இல்லை. எழுத்துக்கலைப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, சனிக்கிழமை பிற்பகல்களில் பொதுமக்களுக்காகக் கவிதை வாசிப்பும் அதன்மேல் விவாதமும் நடத்துகிறார்கள். ஒரு மாதம் தெலுங்கு, ஒரு மாதம் உருது என்று முறைவைத்து. இந்த மாதம் தமிழின் முறை. எல்லாவற்றையும் பெரிய ஸ்பூல் டேப்பில் பதிவு செய்து நூலகத்தில் வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் போய் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். அறிவிப்பைப் பேப்பரில் பார்த்து, ராஜத்தைப் பிடித்து இழுத்து வந்தவள் கல்பகம். இருவரும் ஒரே அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. கல்பகம் ஸ்டெனோ, ராஜம் டெலிபோன் ஆபரேட்டர். போன வாரமே வாசிக்க வேண்டியது. தாயம்மாளுக்கு முட்டி வீங்கிப்போய்ப் படுத்துவிட்டதால் வர முடியவில்லை. “அவ ஆத்துல கொஞ்சம் கஷ்டம் சார், அடுத்த வாரம் வருவா” என்று கல்பகம் சக்ரபாணியிடம் சொல்லிவைத்திருந்தாள். அந்தக் கஷ்டத்தையும் இந்த முந்தாநாளையும் கூட்டினால் அந்த மனுஷருக்கு வேறு என்ன விடை கிடைக்கும்? அதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நிமிஷம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். விவாதம் தொடங்கியது. கணக்குத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற வெங்கடராமன் முன்வரிசையில் இருந்தார். கவிதைக்கு முன்னால் காரியத்தைப் பற்றிக் கேட்பதுதான் முறை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

“ஏம்மா, இன்னும் பத்துகூட ஆகலையே. காரியமெல்லாம் யாரு பண்றா?”

“அதெல்லாம் அப்பவே எங்க சித்தப்பா பண்ணிட்டாரு சார்.”

“அப்பவேன்னா?”

“நான் மெட்ரிக் எழுதின வருஷம்.”

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பின்வரிசையில் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கூட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அங்கேயிருந்து முதலில் ஒரு களுக், பிறகு “பர்ஸோடா! பர்ஸோ!” என்று ஒரு குரல், அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி சிரிப்பு. விஷயம் வரிசை வரிசையாக முன்னால் வந்து சேர்ந்ததும் பட்டுப்புடவைகளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கின. வெங்கடராமனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “வயசானவாளை எழுப்பி நிக்க வெச்சு வேடிக்கை பார்க்கறதா?” என்று குரலை உயர்த்தினார். சக்ரபாணியின் முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் அசடு வழிந்து நின்றது. அஞ்சலிக்கு அழைத்தவர் அவர். மூக்கு உடைபட்டதும் அவருக்குத்தான். இத்தனையும் டேப்பில் ஏறிக்கொண்டிருந்தது. சிரிப்பு வரும்போதெல்லாம் பதிவுக் கருவியில் இருந்த சின்ன முள் துள்ளித் துள்ளிச் சிவப்புக் கோட்டுக்குப் போய்த் திரும்புவதை ராஜம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவு செய்கிற யூசுப் பாய் ஆரம்பத்திலேயே அவளுக்குச் சொல்லியிருந்தார்: “மேடம், கத்தறது நக்கோ. முள்ளு சிவப்புக்குப் போனா ஆவாஸ் ஃபட்டும், குரல் கிழிஞ்சு போகும். நார்மலா பேசுங்க.” அவள் நார்மலாகத்தான் பேசினாள். ஊர்தான் கத்தியது.

கூட்டம் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் யூசுப்பின் மேசைக்குப் போனாள்.

“பாய், அந்த நிமிஷத்த ஒருதரம் கேக்கணும்.”

அவர் காரணம் கேட்கவில்லை. டேப்பைப் பின்னால் ஓடவிட்டு, காதில் மாட்டுவதை அவளிடம் கொடுத்தார். ராஜத்துக்கு அது பழக்கமான கனம். தினமும் எட்டு மணி நேரம் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதானே. ஆபரேட்டர் வேலையில் மௌனம் இரண்டு வகை. ஒன்று லைன் செத்துப்போனது. பஞ்சை அடைத்த மாதிரி இருக்கும். இன்னொன்று எதிர்முனையில் ஆள் இருந்தும் பேசாமல் இருப்பது. அதில் ஒரு சின்ன இரைச்சல் உண்டு, மூச்சு உண்டு. இந்த நிமிஷம் இரண்டாவது வகை. மின்விசிறி சுற்றியது. யாரோ இருமலை அடக்கினார்கள். ஒரு வளையல் சிணுங்கி, உடனே பிடித்து நிறுத்தப்பட்டது. வெளியே தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் போனது. இத்தனை பேர் பேசாமல் இருந்திருக்கிறார்கள், அப்பாவுக்காக. ராஜத்துக்குக் கண் கலங்கவில்லை. மார்பு நிமிர்ந்தது. இது எங்கள் வீட்டுச் சொத்து என்று அவளுக்குத் தோன்றியது.

சக்ரபாணி அவளையும் கல்பகத்தையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருக்குக் கோபம் இருந்தது. ஆனால் கோபத்தைப் பெண்பிள்ளைகளிடம் காட்டக்கூடாது என்ற பழக்கமும் இருந்தது.

“கவிதை நன்னா இருக்கும்மா. அதுல சந்தேகமே இல்லே. அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை வாசிச்சுடுங்கோ. ‘முந்தாநாள்’ங்கறதை ‘அன்று’ன்னு மாத்திண்டா போதும். நடுவுல நடந்ததை வெட்டிடலாம்.”

“எத வெட்டுவீங்க சார்?”

“மௌனத்தை, சிரிப்பை, எல்லாத்தையும்தான்.”

“சிரிப்ப வெட்டிக்குங்க. நின்னத வெட்டாதீங்க.”

“அது தெரியாம நின்னதும்மா.”

“நின்னது நின்னதுதானே சார்.”

சக்ரபாணி பெருமூச்சு விட்டார். இவர் கெட்டவர் இல்லை என்று ராஜத்துக்குத் தெரிந்துதான் இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் ரொம்ப நிதானமாக எடுத்துச் சொன்னார். நூலகத்தில் நிரந்தரமாக இருக்கப்போகிற பதிவு இது. நாளைக்கு ஒருவன் கேட்டால் ஒரு பேராசிரியர் எதற்காக எழுந்து நின்றார், எதற்காக ஊர் சிரித்தது என்று அவனுக்கு விளங்க வேண்டாமா? அஞ்சலி என்றால் அதற்கு ஒரு சமயம் இருக்கிறது, ஒரு முறை இருக்கிறது. எப்போதோ போனவருக்கு, முந்தாநாள் போனவர் என்று நினைத்து நிற்பது அஞ்சலி ஆகாது, தவறு. தவறைத் திருத்துவதுதான் படித்தவர்கள் வேலை. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. கேட்கக் கேட்க ராஜத்துக்கு எரிச்சல்தான் ஏறியது.

கல்பகத்துக்கு நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் அப்போது வாயைத் திறந்தது.

“சார், அது தப்பு இல்லே. அவ வேணும்னுதான் அப்படி எழுதியிருக்கா. அப்பா போய் எத்தனை வருஷம் ஆனாலும் அவளுக்கு முந்தாநாள் மாதிரி இருக்கு. அந்த அர்த்தத்துல.”

சக்ரபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் கண்கள் பளிச்சிட்டன.

“அடடா! துக்கத்துக்குக் காலமே கிடையாது! இது எனக்குத் தோணாமப் போச்சே! அப்படின்னா ஒண்ணையும் வெட்ட வேண்டாம். அடுத்த வாரம் விவாதத்துல இதை நீங்களே உங்க வாயால சொல்லிடுங்கோ. ஒரு கவிதை, சபையையே நம்ப வெச்சு எழுந்து நிக்க வெச்சுடுத்துன்னு நானும் சொல்றேன். மௌனம் இருக்கட்டும், சிரிப்பும் இருக்கட்டும். என்ன ஒரு பதிவு!”

கல்பகம் மேசைக்கு அடியில் ராஜத்தின் காலை அழுத்தினாள். இவ்வளவுதான் விஷயம். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் வார்த்தையும் தங்கும், நிமிஷமும் தங்கும், பேராசிரியருக்கும் போன மானம் திரும்பி வரும். ராஜம் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தைச் சொல்லும் தன் குரலை அவளால் கேட்கக்கூட முடிந்தது. அது ஆபீசில் மேனேஜர் சீட்டிலேயே இருக்கும்போது ‘ஐயா வெளியே போயிருக்கிறார்’ என்று சொல்கிற குரல்.

“அப்படி இல்ல சார்” என்றாள்.

“எப்படி இல்லே?”

“நாங்க பேசறதே அப்படித்தான் சார். கிரோசின் வெல ஏறுனதும் முந்தாநாள்தான். எங்க பக்கத்து வீட்டு ஆடு தொலைஞ்சதும் முந்தாநாள்தான். அதுக்கெல்லாம் எனக்கென்ன துக்கமா?”

கல்பகம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“அதனால என்னம்மா? கவிதையில வரும்போது அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் வந்துடறதில்லையா?”

“வரட்டும் சார். ஆனா அப்படிச் சொன்னா நீங்கள்லாம் என் கவிதைக்கு நின்னீங்கன்னு ஆயிடும். என் சாமர்த்தியத்துக்கு நின்னீங்கன்னு. நீங்க எங்கப்பாவுக்குத்தான் நின்னீங்க. செத்துப்போனவர்னு நெனச்சு நின்னீங்க, செத்துப்போனவர்தான். இதுல பொய் எங்க இருக்கு?”

 சக்ரபாணி பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார், திருகி மூடினார். வெங்கடராமனின் சத்தம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, முகம் மறுபடி இறுகியது. தெரியாமல் நின்ற நிமிஷத்தைத் தெரிந்தே நூலகத்தில் வைக்கத் தன்னால் முடியாது என்றார். வெட்டத்தான் வேண்டும் என்றார். அடுத்த சனிக்கிழமை அவள் வரலாம், எந்தச் சொல்லோடு வேண்டுமானாலும் வாசிக்கலாம். சொல் கவிஞருடையது, நிமிஷம் சபையுடையது என்றார். தீர்ப்பு நன்றாகத்தான் இருந்தது, அவருக்கு.

பஸ்ஸில் கல்பகம் செகந்திராபாத் வரும் வரைக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். அங்கே பஸ் மாறி, லோத்குண்டாவில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போவதற்காக வண்டி நின்றபோதுதான் தாங்க முடியாமல் கேட்டாள்:

“ஏன்டி, சொல்லிட்டு வந்திருந்தா வாய் வலிச்சிருக்குமா? எல்லாம் கெடைச்சிருக்குமேடி!”

“கெடைச்சிருக்கும். எங்கப்பாவுக்குக் கெடைச்சிருக்காது.”

“உன்னோட மாரடிக்க என்னால ஆகாது” என்று கல்பகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் இறங்கும்போது ராஜத்தின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

அல்வாலில் அவர்களுடைய வீடு ஒரு போர்ஷன். ஒரு அறை, ஒரு சமையலறை, நாலு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். தாயம்மாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, வீங்கிய முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ராஜம் நடந்ததையெல்லாம் சொன்னாள். சிரித்ததைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தவள், அதையும் சொல்லிவிட்டாள். தாயம்மாளுக்குச் சிரிப்பு ஒரு பொருட்டாகவே படவில்லை.

“எத்தினி பேரு நின்னாங்க?”

“கூடம் முச்சூடும்மா. நாப்பது பேர் இருக்கும்.”

“ஆபீசருங்களா?”

“ஹவ், ஆபீசருங்கதான். அவங்க பொண்டாட்டிங்களும்.”

தாயம்மாள் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தினாள். 

“உங்கப்பன் எப்பவும் காலைல டீ நேரத்துலியே துன்னுடுவாரு. அன்னிக்கி கேட்டாண்ட நானு நின்னுகினு இருந்தேன். உள்ள வுடல. உங்கப்பன ஒரு பெஞ்சி மேல படுக்க வெச்சிக்கீறாங்கன்னு மட்டும் சொன்னாங்க. உள்ள மெசினு ஓடினே கீது. நிக்கும் நிக்கும்னு பாத்தேன். ஒரு மெசினு நிக்கல. எப்பவும் ஊதற நேரத்துக்குச் சங்கு ஊதுச்சு, எல்லாம் சோத்துக்கு வெளிய வந்தானுங்க. அப்பத்தான் நின்னுச்சு. அதுவும் சோத்துக்குத்தான்.”

இதை அவள் இதுவரை சொன்னதே இல்லை. டிபன் டப்பா கதையைச் சொல்லியிருக்கிறாள், நூறு தரம் சொல்லியிருக்கிறாள். கேட்டில் நின்ற கதையை இவ்வளவு காலமும் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். ராஜத்துக்குக் கோபம் கிளம்பியது. பட்டறை மேலா, பேராசிரியர் மேலா, சிரித்தவர்கள் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லார் மேலும்தான்.

“அத வெட்டப்போறாங்களாம்மா.”

“வெட்டறதுக்கு அது இன்னா முடியா? நின்னாங்க இல்ல?”

“நின்னாங்க. டேப்புல இருக்காது.”

தாயம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“எனக்கு முட்டி நிக்க வுடாது” என்றாள். “நீ போயி நில்லு.”

அடுத்த சனிக்கிழமை ராஜம் கொஞ்சம் முன்னதாகவே போனாள். யூசுப் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து புது ஸ்பூலை மாட்டிக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே குப்பைக்கூடையில் பழுப்பு நிற டேப் சுருள் சுருளாகக் கிடந்தது. அவள் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“புரொஃபசர் சாப் சொன்னாங்க மேடம். கட் பண்ணி ஒட்டியாச்சு.” கொஞ்சம் தயங்கி, “ஒட்டின எடம் தெரியாது” என்று சேர்த்துக்கொண்டார். தொழில்காரர், அதைத்தான் ஆறுதலாகச் சொல்லத் தெரிந்தது.

“எல்லாமா?”

“எல்லாம்.”

அவள் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது, வீட்டில் டிரான்சிஸ்டரே ஓடுவதில்லை. அது கிடக்கட்டும் என்று போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை கூட்டம் அதிகம். போன வாரக் கதை காற்றுவாக்கில் பரவியிருந்தது. வேடிக்கை பார்க்கவென்றே சிலர் வந்திருந்தார்கள். வெங்கடராமன் அதே முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, ‘இனி என்னை ஏமாற்ற முடியாது’ என்ற முகத்தோடு இருந்தார். பின்வரிசைக் கூட்டம் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக இருந்தது. கல்பகம் ஓரமாக ஒரு இரும்பு நாற்காலியில் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சக்ரபாணி பெருந்தன்மையோடு தொடங்கினார். போன வாரம் ஒரு வட்டார வழக்கால் சிறு குழப்பம் நேர்ந்தது, இன்று கவிஞரே மறுபடி வாசிப்பார் என்றார். குரலில் ஏளனம் இல்லை. வேண்டுதல்தான் இருந்தது.

யூசுப் கையைக் காட்டினார். ஸ்பூல்கள் சுற்றத் தொடங்கின.

ராஜம் வாசித்தாள். முந்தாநாள் அப்பா செத்துப்போனார். ஒரு எழுத்தை மாற்றவில்லை. பின்னால் ஒரு களுக் கேட்டது. அவள் அதைத் தாண்டிப் பட்டறைக்குள் போனாள், பெல்ட்டைத் தாண்டினாள், சைக்கிளைத் தாண்டினாள், டப்பாவைத் திறந்தாள். கழுவியும் வைத்திருந்தார். தாளை மடித்து வைத்துவிட்டு, மைக்கிலிருந்து முகத்தை எடுக்காமல், ஆபீசில் லைன் கொடுக்கிற அதே நிதானமான குரலில் பேசினாள்.

“எங்கப்பா பேரு நடேசன். டர்னரா இருந்தாரு. அவரு செத்து ரொம்ப வருஷம் ஆச்சு, எங்க பாஷையில முந்தாநாள். போன வாரம் நீங்க அவருக்காக நின்னது டேப்புல இப்ப இல்ல. தெரியாம நின்னீங்கன்னு வெட்டிட்டாங்க. அதனால இப்ப எல்லாம் தெரிஞ்சே நான் ஒரு நிமிஷம் நிக்கப்போறேன். யாரையும் எழுந்திருக்கச் சொல்லல.”

எழுந்து நின்றாள்.

சிரிப்பு எழுந்த இடத்திலேயே எங்கேயோ தொலைந்துபோனது. சக்ரபாணி பாதி உயர்ந்த கையோடு யூசுப்பின் பக்கம் திரும்பினார். நிறுத்தச் சொல்லித்தான் அந்தக் கை உயர்ந்ததா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. யூசுப்பின் விரல் நிறுத்துகிற பொத்தானின் மேல் இருந்தது. அவர் பேராசிரியரின் கையையும் பார்த்தார், நிற்கிறவளையும் பார்த்தார். விரல் அழுத்தவும் இல்லை, விலகவும் இல்லை. ஸ்பூல்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

ராஜத்துக்குப் பயமாகத்தான் இருந்தது. யாரும் எழுந்திருக்காவிட்டால் இந்த நிமிஷம் இப்படியே, ஒற்றை ஆள் நின்றதாகவே பதிவாகும். ஆகட்டும். கேட்டில் அம்மா ஒற்றையாகத்தானே நின்றாள். அவள் எதிரே இருந்த முகங்களைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். பதிவுக் கருவியின் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அது இடது கோடியில், மின்விசிறியின் இரைச்சலுக்கு லேசாக, மூச்சு விடுகிற அளவுக்கு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. செத்த லைன் இல்லை.

அப்போது கூடத்தில் எங்கோ யாரோ எழுந்து நிற்க, ஒரு இரும்பு நாற்காலி தரையைக் கிறீச்சென்று கீறிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. முள் துள்ளி எழுந்து சிவப்புக்குள் போனது.